சும்மா இருக்க ஒரு மாதம்

காலை பதினொன்றரை மணி. பையன் இன்னும் போர்வைக்குள்தான் இருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் எட்டு டிகிரி. நேற்று பெய்த பனி, நிறுத்தியிருக்கும் சைக்கிள்கள் மேல் இட்லி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை. வைத்தால்தானே அடிக்கும்!

பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதம் முழுக்க அவனுக்குக் கட்டாயமான வேலை எதுவுமே கிடையாது. கல்லூரியே அப்படித்தான் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

கல்லூரி என்றால் எம்.ஐ.டி. பாஸ்டனுக்கு எதிர்க்கரையில், சார்லஸ் ஆற்றங்கரையில் இருப்பது. இந்த இடத்தில் திருச்சியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. "எம்.ஐ.டி.யா? குரோம்பேட்டைதானே? வாரா வாரம் பல்லவன்ல ஏறி வந்துட்டுப் போகலாமே" என்று பெரியப்பா ஒருவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1949-ல் ஆரம்பித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஒன்றும் லேசுப்பட்டதில்லை, அப்துல் கலாம் படித்த இடம். ஆனால் பையன் ஏறியது பல்லவன் இல்லை. விமானம். அதனால்தான் இந்தக் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கும் வரவில்லை. டிசம்பரில் டிக்கெட் விலையைப் பார்த்த அப்பா, "கோடையில வந்துக்கலாம் தம்பி" என்றார். அவனும் சரி என்றுவிட்டான். ஊருக்குப் போகாததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் இந்த மாதத்தைப் பற்றி.

இலையுதிர் காலப் பருவம் டிசம்பரில் முடிந்துவிடும். அடுத்தது பிப்ரவரியில்தான். நடுவில் ஜனவரியில் நான்கு வாரம். இதற்கு ஐ.ஏ.பி. என்று பெயர். அவரவர் இஷ்டப்படி எதையாவது செய்துகொள்ளும் காலம் என்று தமிழில் சொல்லலாம். 1971 ஜனவரியில் சோதனை முயற்சியாக ஆரம்பித்தார்கள், நிலைத்துவிட்டது. வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். பாடம் படிக்கிறேன் என்று அடம் பிடித்தால் அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். 12 யூனிட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதாவது ஏறக்குறைய ஒரு பாடம். மற்றபடி ஆசிரியர், மாணவர், ஊழியர் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லித்தரலாம். கண்ணாடியை ஊதிக் குவளை செய்யக் கற்றுக்கொள்ளலாம் (கூட்டம் தாங்காமல் இதற்குக் குலுக்கல்!). நிரல் எழுதி கணினிக்குள் ரோபோ படைகளை மோதவிடலாம். 1981-லிருந்து நடக்கும் தொகையீட்டுக் கணக்குப் போட்டியில் போய் இன்டெக்ரல் போடலாம். வில்வித்தை, வாள்சண்டை, துப்பாக்கி சுடுதல், பாய்மரப் படகு ஆகிய நான்கையும் உடற்பயிற்சி வகுப்பாக முடித்தவர்களுக்குக் 'கடற்கொள்ளைக்காரர்' என்று ஒரு சான்றிதழே தருகிறார்கள். நிஜமாகத்தான்.

இந்த ஜனவரி ஏற்பாடு இங்கு மட்டும் இல்லை. மாசசூசெட்ஸிலேயே மேற்குக் கோடியில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியில் 1967-லிருந்து உண்டு. வெர்மான்ட்டில் மிடில்பரி கல்லூரியிலும் உண்டு. அங்கெல்லாம் மாதம் முழுக்க ஒரே ஒரு பாடம். நம்மூரில் பொங்கல் லீவுக்கே 'ஹோம் ஒர்க்' கொடுத்து அனுப்புவார்கள். அதிலேயே வளர்ந்த பையனுக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது.

புரிந்ததும் என்ன செய்தான்? தூங்கினான்.

முதல் வாரம் முழுக்கத் தூக்கம். எழுந்ததும் நூடுல்ஸ். பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்ப்பது. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டியதும், 'அப்பாடா, இன்றைய நாள் முடிந்தது' என்று ஒரு நினைப்பு வரும். ஒன்றுமே செய்யாத நாள் முடிந்ததற்கு என்ன அப்பாடா என்று அவனுக்கே சிரிப்பாக இருக்கும்.

"என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று அறைத்தோழன் கேட்டபோது 'சும்மா' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று தோற்றான். சும்மா இருக்கிறேன். சும்மா கேட்டேன். சும்மா கொடுத்தார்கள். சும்மா வந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம் சொல்லி முடித்தபோது அறைத்தோழன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் "சும்மா"தான் பதில். உச்சரிப்பு மோசம். ஆனால் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் சொன்னான்.

அந்த அறைத்தோழன் மினசோட்டாக்காரன். அவன் மட்டும் சும்மா இல்லை. தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவான். கதையே அங்குதான் இருக்கிறது.

எம்.ஐ.டி.யில் பாடங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட எண் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். 18 என்றால் கணிதம். 8 என்றால் இயற்பியல். முதல் வருடத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய இயக்கவியல் பாடம் 8.01. அதில் சில தினுசுகள் உண்டு. பள்ளியிலேயே இயற்பியலில் ஊறிவந்தவர்களுக்கு 8.012. பள்ளியில் அவ்வளவாகப் படிக்க வாய்க்காதவர்களுக்கு 8.01எல். இந்தக் கடைசி 'எல்' கொஞ்சம் நீளம். அதே பாடத்தை நிதானமாக நடத்தி, டிசம்பரில் முடிக்காமல் ஜனவரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். அறைத்தோழன் ஆரம்பத்திலேயே அதைத்தான் எடுத்தான். அவனுடைய ஊர்ப் பள்ளியில் இயற்பியலுக்குச் சரியான வாத்தியார் இல்லையாம். அதைச் சொல்ல அவனுக்குக் கூச்சமே இல்லை.

நம்ம பையன் எடுத்தது 8.012. எடுக்காமல் இருப்பானா? பிளஸ் ஒன்னிலிருந்தே ஒலிம்பியாட் பயிற்சி. அந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் கிளெப்னர் - கொலென்கோ புத்தகம் திருச்சியிலேயே அவன் மேசையில் இருந்தது. 1973-ல் வந்த புத்தகம், எம்.ஐ.டி.யில் நடத்திய பாடத்திலிருந்து பிறந்தது. பழைய பிரதி ஒன்றை அப்பா அட்டை போட்டுக் கொடுத்திருந்தார். 'நாம் ஏற்கனவே படித்ததுதானே' என்று தெம்பாகப் போய் உட்கார்ந்தான்.

முதல் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

அப்போதே கீழே இறங்க வழி இருந்தது. 8.01-க்கு மாறிக்கொள்ளலாம். வகுப்பில் சிலர் மாறினார்கள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஆனால் பையனுக்கு அது இறங்குவதாகத் தெரியவில்லை, விழுவதாகத் தெரிந்தது. அடுத்த தேர்வில் பிடித்துவிடலாம் என்று இருந்தான். அடுத்ததில் முப்பத்தேழு. பம்பரம் சுற்றுவது போல ஒன்று சுற்றும், அது ஏன் கீழே விழாமல் பக்கவாட்டில் நகர்கிறது என்று கேட்பார்கள். திருச்சியில் இதே மாதிரிக் கணக்கைப் பத்துப் பதினைந்து போட்டிருக்கிறான். ஆனால் எந்த மாதிரிக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதுதான் அவனிடம் இருந்தது. ஏன் என்பது இல்லை. இங்கே கேட்டதெல்லாம் ஏன்.

டிசம்பர் கடைசியில் முடிவு வந்தது. டி.

இங்கே முதல் பருவத்துக்கு ஒரு சலுகை உண்டு. ஏ, பி, சி எது வாங்கினாலும் பட்டியலில் 'பாஸ்' என்று மட்டும்தான் வரும். டி அல்லது எஃப் வாங்கினால், வெளியே போகும் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடமே வராது. எடுத்ததற்கான தடமே இருக்காது. புதிதாக வருகிறவர்கள் பயமில்லாமல் கால் ஊன்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், முதல் வருடத்துக்கு மதிப்பெண் போடாத வழக்கத்தை 1968-ல் ஆரம்பித்தார்கள். இப்போது முழுச் சலுகை முதல் பருவத்துக்கு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், "செமஸ்டர் ரிசல்ட் வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டபோது, பையன் பட்டியலைப் பார்த்தான். மூன்று பாடம். மூன்றிலும் பாஸ்.

"லிஸ்ட்ல எல்லாமே பாஸ்ப்பா."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் உறுத்தல்.

பருவம் ஓடிக்கொண்டிருந்தபோது இப்படியெல்லாம் உறுத்த நேரம் இருந்திருக்காது. இன்று ஒரு வீட்டுப்பாடம், நாளை ஒரு சோதனைக்கூடம், நாளை மறுநாள் தேர்வு. ஜனவரியில்தான் எல்லா சத்தமும் நின்றது. மின்விசிறியை நிறுத்தியதும் குழாய் சொட்டும் சத்தம் கேட்குமே, அந்த மாதிரி. அதற்காகவும்தான் பதினொன்றரை வரைக்கும் தூங்கினான்.

இரண்டாவது வாரம் அறைத்தோழன் அவனை எழுப்பிப் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்த்துவிட்டான். பட்டம் வாங்குவதற்கு இங்கே நான்கு உடற்பயிற்சி வகுப்புகள் முடித்தாக வேண்டும். நீச்சல் தேர்வும் உண்டு. நூறு கஜம் நீந்திக் காட்ட வேண்டும். நீச்சலில் பையன் கில்லாடி, பாட்டி ஊர் வாய்க்காலில் கற்றது. பனிச்சறுக்கு மட்டும் அவன் கனவிலும் பார்க்காத விஷயம். ஐஸ் என்றால் கரும்புச்சாற்றில் போடுவது என்ற அளவில்தான் தெரியும்.

முதல் வகுப்பில் நிற்கவே சொல்லித்தரவில்லை. விழத்தான் சொல்லித்தந்தார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்து மல்லுக்கட்டாதே. முழங்காலை மடக்கி, உட்காருவது மாதிரி பக்கவாட்டில் சாய். கையை ஊன்றாதே, மணிக்கட்டு போய்விடும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள், பின்னால் வருகிறவனின் பிளேடு ஏறிவிடும். எழும்போது முதலில் முழங்கால், பிறகு ஒரு பாதம், பிறகு அடுத்தது.

அரைமணி நேரம் வேண்டுமென்றே விழுந்து விழுந்து எழுந்தார்கள். வளர்ந்த ஆட்கள் இருபது பேர் வரிசையாகப் பொத் பொத்தென்று. பக்கத்தில் மினசோட்டாக்காரன் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டிருந்தான். "நீ எத்தனை தடவை விழுந்திருப்பாய்?" என்று பையன் கேட்டான். "எண்ணியதில்லை. இரண்டு பல் இங்கே போனது" என்று வாயைத் திறந்து காட்டினான்.

அன்று பையன் பதினேழு தடவை விழுந்தான். அவன் எண்ணினான். :-)

அந்த வாரத்தில்தான் பொங்கல்.

பாஸ்டனுக்கும் திருச்சிக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே பொங்கலன்று காலை ஏழு மணி என்றால், இங்கே முந்தின நாள் இரவு எட்டரை. வீட்டில் பானை வைக்கும் அதே நேரத்தில் இங்கேயும் வைப்பது என்று ஏற்பாடு. பேருந்து பிடித்து இந்திய மளிகைக் கடைக்குப் போய்ப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், முந்திரி எல்லாம் வாங்கி வந்தான். கரும்பு கிடைக்கவில்லை. மஞ்சள் கொத்துக்குப் பதிலாக ஒரு துண்டு மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிப் பாத்திரத்தின் கழுத்தில் தொங்கவிட்டான்.

விடுதி மாடியில் இருக்கும் பொதுச் சமையலறை. மின்சார அடுப்பு. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து வாட்ஸ்அப்பில் வீடியோ. அங்கே வாசலில் அம்மா, மூன்று கல், விறகு, புகை. இங்கே பையன், சிவப்பாகப் பழுத்த கம்பிச்சுருள் அடுப்பு, சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர். பால் பொங்கி வழிந்தால்தான் நல்லது என்று அவர்களுக்கு விளக்கியிருந்தான். எந்தப் பக்கமாக வழிகிறது என்று பார்ப்பதும் உண்டு என்றதும் பந்தயம் வேறு கட்டினார்கள்.

"பொங்கிடுச்சா?" என்றார் அப்பா திருச்சியிலிருந்து.

"வருதுப்பா... வருது..."

வந்தது. நான்கு பக்கமும் வழிந்தது. விறகடுப்பில் வழிந்தால் நெருப்பு 'சுர்ர்' என்று அடங்கும். மின்சார அடுப்பில் வழிந்தால் பால் கருகும். அரை நிமிடத்தில் சமையலறை முழுக்கப் புகை. ஒரு நிமிடத்தில் கூரையில் இருக்கும் புகைக் கருவி அலற ஆரம்பித்தது. அது அலறினால் விடுதி முழுக்க அலறும். கட்டடத்தில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே போயாக வேண்டும்.

ஆக, எல்லோரும் பனியில் வந்து நின்றார்கள். பாதிப்பேர் ஹவாய் செருப்பு. ஒருவன் துண்டோடு. தீயணைப்பு வண்டி ஒன்று சிவப்பு விளக்கோடு வந்து நின்றது. பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான், இந்தக் கூட்டத்தில் யாராவது இரண்டு வார்த்தை திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக. அப்போது மினசோட்டாக்காரன் கையை வாயில் குவித்து, காலையில் சொல்லிக் கொடுத்திருந்ததை ஞாபகமாகக் கத்தினான்: "பொங்கலோ பொங்கல்!" நடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில் கொஞ்சம் பேர் அர்த்தம் தெரியாமலே திருப்பிக் கத்தினார்கள். தீயணைப்பு வீரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாசனை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடி பிடித்த பொங்கலை மேலாக வழித்து எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். ஒரு பருக்கை மிச்சமில்லை.

பாத்திரம் தேய்க்கப் பத்தரை ஆகிவிட்டது. திருச்சியில் காலை ஒன்பது மணி. பையன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டான். அப்பாதான் எடுத்தார். சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"என்ன, அபராதம் போட்டுட்டாங்களா?"

"அது இல்லப்பா. போன செமஸ்டர்ல பிசிக்ஸ்... பாஸ் ஆகலை."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மாடிக்கு ஏறுகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினார்.

"எல்லாம் பாஸ்னு சொன்னியே?"

"லிஸ்ட்ல இருக்கிறது எல்லாம் பாஸ்ப்பா. பெயிலானா அது லிஸ்ட்லயே வராது."

"அப்ப நான் கேட்டதுக்கு நீ பதில் சொல்லலை. லிஸ்ட்டைப் படிச்சுக் காட்டியிருக்கே."

பையன் ஒன்றும் சொல்லவில்லை.

"ஸ்காலர்ஷிப் போயிடுமா?"

"இல்லப்பா. அது வீட்டு வருமானத்தைப் பார்த்துக் குடுக்கறது. பிப்ரவரில திரும்ப எடுத்துக்கலாம்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"டிசம்பர் கடைசில."

"இத்தனை நாளா இதை மனசுல வெச்சுக்கிட்டா தூங்கிட்டிருந்தே?"

"அதனாலதான்ப்பா தூக்கமே வந்துது."

கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.

"கோபமா இருக்கு தம்பி. பெயிலானதுக்கு இல்லேன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசத் தெரியலை. அதுக்கும் சேர்த்துதான். தெருவுல ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதை நான் பார்த்துக்கறேன். அம்மாகிட்ட நீயே சொல்லு. இன்னிக்கு வேண்டாம், பண்டிகையும் அதுவுமா. மாட்டுப் பொங்கல் முடியட்டும்" என்றார். வைக்கப் போனவர், "நீ சாப்பிட்டியா, இல்ல எல்லாம் தீஞ்சு போச்சா?" என்றார்.

"சாப்பிட்டேன்ப்பா."

"சரி. போய்ப் படு."

அவ்வளவுதான். முதுகில் தட்டிக் கொடுக்கவில்லை, பெரிதாகத் திட்டவும் இல்லை. அன்று இரவு பையனுக்குத் தூக்கமே வரவில்லை. மூன்று வாரத்தில் முதல்முறையாக. ஆனால் காலையில் எட்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா அழுதார். பிறகு அங்கே சாப்பாடு சரியில்லாததுதான் காரணம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவை மாற்ற யாரும் முயலவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜனவரி நிஜமாகவே ஓய்வாக மாறியது. செய்தது என்னவோ முன்பு மாதிரிதான், பெரிதாக ஒன்றும் இல்லை. மார்ட்டின் லூதர் கிங் நாளை ஒட்டிய வார இறுதியில் புதிர் வேட்டை நடக்கும். இதுவும் 1981-லிருந்து நடப்பது. வெள்ளிக்கிழமை மதியம் ஆரம்பித்து, ராத்திரி பகல் பார்க்காமல் அணி அணியாகப் புதிர் அவிழ்ப்பார்கள். கடைசியில் வளாகத்தில் ஒளித்து வைத்திருக்கும் ஒரு நாணயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்த அணிக்குப் பரிசு, அடுத்த வருடப் புதிர்களைத் தயாரிக்கும் தலைவலி! பையன் விடுதி அணியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பங்களிப்பு, பீட்சா சுமந்து வந்ததும், ஒரு புதிரில் கிரிக்கெட் சம்பந்தப்பட்ட வார்த்தை ஒன்றைக் கண்டுபிடித்ததும். அந்த ஒரு வார்த்தைக்கு அணியே கை தட்டியது.

ஒருநாள் மதியம் ஹார்வர்டு பாலத்தில் நடந்து பாஸ்டன் வரைக்கும் போய்வந்தான். ஆறு உறைந்து கிடந்தது. அந்தப் பாலத்தின் நீளத்தை மீட்டரில் சொல்ல மாட்டார்கள், 'ஸ்மூட்'டில்தான். 1958-ல் ஆலிவர் ஸ்மூட் என்ற மாணவரை நண்பர்கள் பாலத்தில் படுக்க வைத்துப் படுக்க வைத்து அளந்தார்கள். 364.4 ஸ்மூட், கூட ஒரு காது. அந்த வண்ணக் கோடுகளை இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்மூட் பின்னாளில் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வுக்கே தலைவரானார். பாதிப் பாலத்தில் அரைவழி என்ற குறி இருக்கும் இடத்தில் காற்று கன்னத்தை அறைந்தது. பையன் திரும்பிவிடலாமா என்று யோசித்தான். திரும்பினாலும் அதே தூரம்தான். நடந்தான்.

மூன்றாவது வாரம் அறைத்தோழனோடு 8.01எல் வகுப்புக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். சும்மாதான். அன்று சுழலும் பொருட்கள். அவனைக் கவிழ்த்த அதே பாடம். இங்கே ஒரு படம் போடப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். விசை எங்கே பிடிக்கிறது, எந்தப் புள்ளியைச் சுற்றி, எந்தத் திசையில் என்று ஒவ்வொன்றாக. யாரோ ஒருத்தி கை தூக்கி மிக எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டாள். பையனுக்கும் அதற்குப் பதில் தெரிந்திருக்கவில்லை என்பது அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அடுத்த மூன்று வகுப்புக்கும் போனான். யாரும் 'நீ யார்' என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிறு அப்பா கேட்டார், "அந்த அட்டை போட்ட புத்தகம் இங்கதான் இருக்கு. எந்த பாடத்துல விட்டே?"

"பம்பரம் மாதிரி ஒண்ணு வரும்ப்பா."

தாள் புரளும் சத்தம். "ஆங், படம் இருக்கு. ஒண்ணும் புரியலை. படம் நல்லா போட்டிருக்காங்க."

மாதக் கடைசியில் இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. கட்டடங்களை ஊடுருவிப் போகும் நீளமான நடைபாதை ஒன்று இருக்கிறது. 251 மீட்டர். 'முடிவில்லா நடைபாதை' என்று அதற்குப் பெயர். வருடத்தில் இரண்டு சமயம், நவம்பர் நடுவிலும் ஜனவரி கடைசியிலும், மறையும் சூரியன் அந்த நடைபாதைக்கு நேர்கோட்டில் வந்துவிடும். ஒரு கோடியில் நுழையும் வெளிச்சம் மறுகோடி வரைக்கும் போகும். நம்மூரில் சில சிவன் கோயில்களில் குறிப்பிட்ட நாட்களில் சூரிய ஒளி கருவறைக்குள் போய் மூலவர் மேல் விழுமே, அந்த மாதிரி. என்ன, இங்கே யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை, அதுவாக அமைந்தது.

முதல் நாள் மேகம். கூட்டம் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து கலைந்தது. மறுநாள் ஐந்து மணிக்குச் சற்று முன்னால் பையன் மூன்றாவது மாடியில் சுவரோரம் நின்றான். பக்கத்தில் மினசோட்டாக்காரன். அன்றுதான் அவனுக்கு 8.01எல் கடைசித் தேர்வு முடிந்திருந்தது. எப்படி எழுதினாய் என்றதற்குத் தோளைக் குலுக்கி, "சும்மா" என்றான். இந்த இடத்துக்குப் பொருந்தாத 'சும்மா'. பையன் திருத்தவில்லை.

தரை முதலில் லேசாக மினுங்கியது. பிறகு கடைசி ஜன்னலில் ஒரு ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் எட்டிப் பார்த்தது. அப்புறம் நடைபாதை முழுக்க வெளிச்சம். நின்றிருந்த அத்தனை பேர் நிழலும் நீள நீளமாகப் பின்னால் விழுந்தது. ஓரிரு நிமிடம்தான். யாரோ கை தட்டினார்கள். பையன் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். அங்கே விடிகாலை மூன்றரை மணி, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அறைக்கு வந்து கணினியைத் திறந்தான். அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிய வேண்டும். இயற்பியல் வரிசையில் சுட்டியை நகர்த்தினான். 8.01 என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தான். பின்னால் '2' இல்லாத 8.01. 'உறுதிதானா?' என்று கேட்டது. ஆம் என்றான்.

பிறகு போனை எடுத்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அலாரம் வைத்தான். ஏழரைக்கு.